ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். எனக்குத் தெம்பு தீர்ந்துவிட்டது

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 11 வருடமாக ஆசிரியை. ஏழாம் வகுப்பு, 38 பிள்ளைகள். அதில் ஒருவனைச் சமாளிப்பதிலேயே ஜூனிலிருந்து என் நாள் போகிறது.

வாரத்துக்கு மூன்று நான்கு தடவை வெடிக்கிறான். பெஞ்சைத் தள்ளுவான், கையில் கிடைத்ததை வீசுவான். போன செவ்வாய்க்கிழமை காம்பஸால் பக்கத்துப் பையன் கையில் குத்திவிட்டான். பத்து நிமிடத்தில் அவனே என் மேசைக்கு அடியில் வந்து உட்கார்ந்து, சாக்பீஸைப் பொடியாக்கிக்கொண்டிருந்தான். சத்தம் கூடினால்தான் ஆரம்பிக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதிகம்.

முன் பெஞ்சில் உட்காரவைத்தேன், கரும்பலகை துடைக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசியாயிற்று. 'ரெண்டு போடு' என்றவர்களும் உண்டு. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இருக்கட்டும், அடித்து எந்தப் பிள்ளை தேறியிருக்கிறது? வட்டார வள மையச் சிறப்பாசிரியர் வந்து பார்த்துவிட்டு, முறையான மதிப்பீடு வேண்டும் என்றார். பையனின் அம்மா துறைமுகத்தில் மீன் வேலைக்கு விடிவதற்குள் போகிறவர். வரச் சம்மதிக்கிறார், ஆனால் ஒரு நாள் கூலிக்கு மேல் இழக்க முடியாது.

என் நிலைமை: தொண்டை போய்விட்டது, ஞாயிறு சாயங்காலமே வயிற்றைப் பிசைகிறது. நேற்று காரணமே இல்லாமல் என் மகளிடம் எரிந்து விழுந்தேன்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையா, புதுச்சேரி ஜிப்மரா? 12 வயசுப் பிள்ளையை அழைத்துப்போனவர்கள் சொல்லுங்கள், எங்கே ஒரே நாளில் மதிப்பீடு முடிந்தது?