இருவர் அணியாக நகர ட்ரெஷர் ஹன்ட்: போன முறை சண்டையில் முடிந்தது, இந்த முறை எப்படிப் போவது?

பனித்துளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் என் தோழிக்கும் பள்ளிக்காலத்திலிருந்து பழக்கம். போன வருடம் முதல் முறையாக நகரத்துக்குள் நடந்த ஒரு ட்ரெஷர் ஹன்ட்டில் இருவர் அணியாகச் சேர்ந்தோம். 3 மணி நேரம், 12 இடங்கள், எந்த வரிசையில் வேண்டுமானாலும் போகலாம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்விக்கு விடை எழுத வேண்டும், இல்லையென்றால் சொன்னபடி போட்டோ எடுக்க வேண்டும். தாமதமாக வந்தால் நிமிடக் கணக்கில் புள்ளி குறையும்.

முதல் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கால் தரையில் படவே இல்லை, அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் மாட்டிக்கொண்டோம். "இந்தக் கட்டடம் பிறந்த வருடம் எது" என்பதுதான் கேள்வி. கல்லில் இரண்டு வருடங்கள் பொறித்திருந்தன, ஒன்று அடிக்கல் நாட்டியது, இன்னொன்று திறந்துவைத்தது. அவள் ஒன்றைச் சொன்னாள், நான் மற்றதைச் சொன்னேன். 20 நிமிடம் அங்கேயே நின்று வாதாடினோம். கடைசியில் நான் என் விடையை எழுதிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். "உனக்கு எப்பவும் நீ சொல்றதுதான்" என்றாள். அதன் பிறகு முடிக்கும் வரை இருவரும் பேசவே இல்லை. 10 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம், புள்ளி போனது. புள்ளி போனது எனக்கு வலிக்கவில்லை, அந்த மௌனம்தான் வலித்தது. இரண்டு வாரம் சரியாகப் பேச்சு இல்லை.

இப்போது அவளே கூப்பிட்டு "அடுத்த மாதம் ஒன்று இருக்கிறது, மறுபடியும் போகலாமா" என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அதே தவறு நடக்கக்கூடாது. வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது, கருத்து வேறுபட்டால் யார் முடிவெடுப்பது, அவள் வேகமாக ஓடுவாள் எனக்கு முழங்கால் வலி வரும், அதற்கு என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நடைவண்டி எழுதியது:

பனித்துளி, அவங்களே திரும்பக் கூப்பிட்டிருக்காங்க இல்லையா, முதலில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்தது.

நானும் என் நண்பனும் ஐந்தாறு முறை ஓடியிருக்கிறோம். எங்களுக்கு உதவியது ஒரே ஒரு விதிதான்: க்ளூ தாள் யார் கையில் இருக்கிறதோ அந்த இடத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. மற்றவர் தன் காரணத்தை ஒரு முறை சொல்லலாம், இரண்டாவது முறை சொல்லக்கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் தாள் கை மாறும். தவறாகப் போனாலும் "நான் அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தை வரவே கூடாது. இதை வீட்டிலேயே பேசிவிட்டுத்தான் கிளம்புவோம், தெருவில் வைத்து விதி போட முடியாது.

அடுத்தது நேரம். 3 மணி நேரம் என்றால் 180 நிமிடம், 12 இடம் என்றால் ஓர் இடத்துக்கு நடையும் சேர்த்து 15 நிமிடம்தான். அதில் ஒரே கேள்விக்கு 20 நிமிடம் கொடுத்தால் ஓர் இடத்துக்கும் மேலே போய்விட்டது. நாங்கள் 5 நிமிடம் என்று போனில் அலாரம் வைப்போம், அடித்ததும் இருப்பதை எழுதிவிட்டு நகர்வோம்.

வேகம் பற்றி: மெதுவாகப் போகிறவரின் வேகம்தான் அணியின் வேகம். சாதாரண நடையில் 1 கிலோமீட்டருக்குச் சுமார் 12 நிமிடம் ஆகும். அவங்க 6 நிமிடத்தில் ஓடிப்போய் உங்களுக்காகக் காத்திருந்தால் லாபம் எதுவும் இல்லை, உங்களுக்கு மனசு கனப்பதுதான் மிச்சம். முழங்கால் வலியை மறைக்காதீர்கள், முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கூழாங்கல் எழுதியது:

நான் ஓரியன்டியரிங் (மேப்பும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடித்து ஓடும் போட்டி) பக்கத்திலிருந்து வருகிறவன், அதனால் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எந்த வரிசையிலும் போகலாம் என்ற வகைப் போட்டியை ஓட்டம் முடிவு செய்வதில்லை, புறப்படுவதற்கு முன் மேப்போடு உட்காரும் 10 நிமிடம்தான் முடிவு செய்கிறது. 10 இடம் இருந்தாலே 36,28,800 வரிசைகள் சாத்தியம், எல்லாவற்றையும் யாராலும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். பெரும்பாலானவர்கள் செய்வது, இருக்கும் இடத்திலிருந்து எது பக்கமோ அங்கே போவது, அங்கிருந்து எது பக்கமோ அங்கே. முதலில் நன்றாக இருக்கும். கடைசியில் ஒரே ஓர் இடம் நகரத்தின் மறு கோடியில் தனியாக நிற்கும், அதற்காக வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும்.

அதற்குப் பதிலாக எல்லா இடங்களையும் மேப்பில் பென்சிலால் குறித்துவிட்டு, வெளிப்புறமாக ஒரு வளையம் வரையுங்கள், தன்னையே வெட்டாத கோடு. அந்தக் கோடு தன்னைத்தானே குறுக்கே வெட்டினால் எங்கேயோ வீணாக நடக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் முக்கியமானது: முடியும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் எடுக்கலாம், இல்லையென்றால் மனவருத்தம் இல்லாமல் விட்டுவிடலாம். தாமதத்துக்குப் புள்ளி குறைக்கும் இடத்தில் இது உயிர் காக்கும்.

காகித மேப் கொடுத்தால் போனை விட அதை நம்புங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து மடித்துப் பிடியுங்கள், போகப்போக விரலையும் நகர்த்துங்கள், எங்கள் ஆட்டத்தில் எல்லோரும் இப்படித்தான். திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும், ஆனால் உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டிவிடும். அந்த நீலப் புள்ளியை நம்பித் தவறான சந்தில் நுழைந்து நேரத்தைத் தொலைத்த அணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தெருவிளக்கு எழுதியது:

நான் நண்பர்களுக்காக இப்படிப் போட்டிகளை அமைப்பவள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் பனித்துளி, உங்கள் சண்டைக்குக் காரணமான அந்தக் கேள்வியே பிழை. கல்லில் இரண்டு வருடம் இருக்கும் இடத்தில் "பிறந்த வருடம்" என்று கேட்பது கேள்வி எழுதியவர் செய்த தவறு, உங்கள் இருவரில் யார் தவறும் இல்லை. நான் எழுதும் ஒவ்வொரு கேள்வியையும், ஏற்பாட்டில் சம்பந்தமே இல்லாத ஒருவரை நேரில் அனுப்பிச் சரிபார்ப்பேன். அப்படியும் ஒன்றிரண்டு தப்பிவிடும். அதனால்தான் பல போட்டிகளில் ஓர் உதவி எண் கொடுப்பார்கள், குழப்பமாக இருந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். அதுவும் இல்லையென்றால் இரண்டு வருடத்தையும் எழுதி எது எது என்று குறித்துவிடுங்கள், நியாயமான அமைப்பாளர் புள்ளி கொடுப்பார்.

தேடுபொறியில் விடை கிடைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் படிகளை எண்ணச் சொல்வது, கல்லில் பொறித்ததைக் கேட்பது எல்லாம். சங்கேதங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் சிலதான்: மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக எழுதுவது), பார்வையற்றோர் தடவிப் படிக்கும் 6 புள்ளி பிரெய்ல், எழுத்துகளைச் சில இடம் தள்ளி எழுதுவது (ரோமின் ஜூலியஸ் சீசர் 3 இடம் தள்ளி எழுதியதாகச் சொல்வார்கள்). இவற்றின் அட்டவணைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள், நெட் இல்லாத இடத்தில் உதவும். தமிழ் எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். க என்றால் 1, உ என்றால் 2, எ என்றால் 7, அ என்றால் 8, வ என்றால் கால். ஒரு முறை வெறும் "அவ" என்று மட்டும் எழுதிவைத்தேன். எட்டேகால் மணியைக் காட்டும் கடிகார ஓவியத்தைத் தேட வேண்டும். கண்டுபிடித்த அணி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, அதற்காகத்தான் இதையெல்லாம் செய்கிறேன்.

ஆற்றோரம் எழுதியது:

நடைவண்டி சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் தாளை மாற்றினால் மேப் பார்ப்பவருக்கு வழியின் தொடர்ச்சி அறுந்துவிடும். நானும் என் சிநேகிதியும் அப்படிச் செய்து இரண்டு முறை எதிர்த்திசையில் நடந்திருக்கிறோம். பாதி நேரம் வரை ஒருவர் மேப், ஒருவர் க்ளூ. பாதியில் ஒரு முறை மாற்றினால் போதும்.

இன்னொன்று. சண்டை வருவது எப்போதும் இரண்டாவது மணி நேரத்தில்தான், கவனித்துப் பாருங்கள். வெயில், தாகம், பசி, கால் வலி எல்லாம் சேர்ந்து பேசும், நாம் அதைத் தோழியின் மேல் இருக்கும் கோபம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒருவர் குரல் உயர்ந்ததும் மற்றவர் "தண்ணீர்" என்று சொல்ல வேண்டும், இரண்டு நிமிடம் உட்கார்ந்து குடித்துவிட்டு எழ வேண்டும். எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

பனித்துளி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை எல்லாம் நேற்று இரவு அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். தெருவிளக்கு சொன்னதைக் கேட்டதும் ரொம்ப நேரம் அமைதியாக இருந்தாள். அப்புறம்தான் சொன்னாள், அன்று அவளுக்கு வலித்தது வருடம் இல்லையாம், அவளிடம் காட்டாமலே நான் விடையை எழுதினதுதானாம். ஒரு வருடமாக எனக்கு இது தெரியாது. மன்னிப்புக் கேட்டேன்.

முழங்காலைப் பற்றியும் சொல்லிவிட்டேன். நடையாகவே போகலாம், 12-ல் 9 எடுத்தால் போதும் என்று அவளே சொன்னாள். பாதி வரை மேப் அவளிடம், அப்புறம் என்னிடம். எழுதும் முன் இருவரும் பார்க்க வேண்டும். "தண்ணீர்" அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்களே 5 இடம் குறித்துக்கொண்டு ஒத்திகை பார்க்கப்போகிறோம், கூழாங்கல் சொன்ன வளையத்தையும் வரைந்து பார்ப்போம். பேனா, தாள், பவர் பேங்க் தவிர வேறு ஏதாவது எடுத்துப்போக வேண்டுமா?

தெருவிளக்கு எழுதியது:

பேனா வேண்டாம், பென்சில் இரண்டு எடுத்துப்போங்கள், மழை வந்தால் மை கரைந்துவிடும். தாளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. புது ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள். முடிந்ததும் வந்து எழுதுங்கள், காத்திருப்பேன்.