புதுப்பிப்பு: பட்டா இல்லாததால் நின்றுபோன சித்தியின் வீடு

கடலூரில் தென்பெண்ணைக் கரையோர ஊரில் இருக்கும் சித்தியின் குடிசை, 2024 டிசம்பர் வெள்ளத்தில் சுவரோடு சாய்ந்ததையும், பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருந்ததால் குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டத் தமிழ்நாடு அரசு பணம் தரும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் சேர முடியாமல் தவித்ததையும் இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, சித்தப்பாவின் தம்பிகளிடம் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிந்து, பிறகு பட்டா மாறுதல் கேட்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. மனுக்களை இ-சேவை மையத்திலேயே கொடுத்தோம். தம்பிகள் இருவரும் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார்கள்.

எதிர்பாராதது பணம் வரும் முறை. திட்டத்தின் மூன்றரை லட்சம் ஒரே தவணையில் வராது. அடித்தளம், ஜன்னல் மேல்மட்டம், கூரை என்று வேலை முடிய முடியத்தான் வரும். கையில் முதல் இல்லாதவர் கடைக்கால் தோண்டுவது எப்படி? அங்கேதான் ஏழைகளுக்கு வீடு கட்ட உதவும் ஒரு தொண்டு நிறுவனம் வட்டியில்லாமல் முன்பணம் தந்தது. அதன் பொறியாளர், பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன வண்டல் தடத்தை விரலால் தடவிப் பார்த்து, அதற்கும் ஒரு சாண் மேலே அடித்தளத்தை உயர்த்தச் சொன்னார். அந்தக் கூடுதல் செலவையும் நிறுவனமே ஏற்றது.

360 சதுர அடி. கூரை போட்டாகிவிட்டது. பூச்சு வேலை நடக்கிறது. சித்தி தினமும் மாலையில் போய்த் தன் கையாலேயே சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.