ஐப்பசி மழையில் புல் வெட்டலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

செம்மண்டலம் வாசி:

வணக்கம். கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறேன். வீட்டு முன்னால் ஒன்றரை சென்ட் இடத்தில் மெக்சிகன் புல் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. கோடையில் தினம் தண்ணீர் பிடித்தும் முனகிக்கொண்டே வளர்ந்த புல், ஐப்பசி பிறந்ததும் கணுக்கால் மறைகிற அளவுக்கு வந்துவிட்டது. போன ஞாயிறு மழை கொஞ்சம் விட்டதும், பழசாக வாங்கி வைத்திருந்த மெஷினை (கரண்டில் ஓடுகிறது, நீள ஒயர்) எடுத்து இரண்டு சுற்றுத்தான் தள்ளியிருப்பேன். உளுந்து அதிகமாகிப் போன கிரைண்டர் மாதிரி முக்கி நின்றுவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மசித்த கீரை மாதிரி பச்சையாக அப்பியிருக்கிறது. சக்கரம் போன இடமெல்லாம் வண்டித்தடம், அதில் தண்ணீர் வேறு நிற்கிறது. வெட்டிய இடத்தில் நுனியெல்லாம் இரண்டே நாளில் நார்நாராக வெளுத்துப் போனது.

இன்னும் 14 நாளில் வீட்டிலேயே மகளுக்கு வளைகாப்பு. புல்லின் மேல் நாற்காலி போட்டுப் பெண்களை உட்கார வைக்கலாம் என்று வீட்டம்மா முடிவு செய்துவிட்டார். மழை நிற்கும் என்று காத்திருப்பதா, இல்லை ஈரத்திலேயே வெட்ட ஏதாவது கைப்பக்குவம் இருக்கிறதா?

முதலியார்பேட்டை தோட்டக்காரன்:

சார், புதுச்சேரியில் நாலைந்து பங்களா புல்வெளியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஈரத்தில் வெட்டாதீர்கள். நனைந்த புல் நிமிர்ந்து நிற்காது, படுத்துக்கொள்ளும். பிளேடு அதன் மேலேயே போய்விடும், சிக்கியதை வெட்டாமல் பிய்க்கும். நீங்கள் பார்த்த வெளுப்பு அதுதான், பிளேடு மழுங்கியிருந்தால் இன்னும் மோசம். அப்பிக்கொண்ட புல் காற்று போகிற வழியை அடைப்பதால்தான் மெஷின் முக்குகிறது. கட்டி கட்டியாகக் கீழே விழுந்ததை அள்ளாமல் விட்டிருந்தால் இன்றே வாரிவிடுங்கள், இரண்டு நாள் கிடந்தால் அடியில் இருக்கிற புல் மஞ்சளாகிவிடும்.

ஆனால் முழு மழைக்காலத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருந்தாலும் நடுநடுவே ஒன்றரை நாள், இரண்டு நாள் வெயில் காட்டும். நான் வானிலைத் துறையின் காரைக்கால் மழை ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் வேலையை வைத்துக்கொள்கிறேன். ஒரு பகல் முழுக்க வெயில் அடித்திருந்தால் மறுநாள் பதினோரு மணிக்கு மேல் இறங்கலாம். அதற்கு முன் தண்ணீர் பைப்பை இருவர் இரண்டு பக்கமும் பிடித்துப் புல்லின் மேல் ஒரு இழுப்பு இழுத்தால் நுனியில் நிற்கிற சொட்டெல்லாம் உதிர்ந்துவிடும். செருப்புக் காலால் அழுத்திப் பாருங்கள், தண்ணீர் கசிந்து வந்தால் அன்றைக்கு மெஷினைத் தொடாதீர்கள். அந்த ஈரத்தில் மண் இறுகினால் வேருக்கு மூச்சு போகாது, பள்ளமும் தை வரை இருக்கும்.

வெட்டும்போது பிளேடை மேலே தூக்கி வையுங்கள். இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. நாலு அங்குலம் இருந்தால் இரண்டே முக்கால் வரை, நாலைந்து நாள் கழித்து இரண்டுக்கு இறக்கலாம். 14 நாள் தாராளம்.

ஒன்று கேட்கணும். யூரியா ஏதாவது போட்டீர்களா? வெறும் மழைக்கு இவ்வளவு வேகமாக வராது.

லாஸ்பேட்டை ஒயர்மேன்:

புல்லை விடுங்க சார், முதலில் அந்த ஒயர். ஈரத்தரையில் கரண்ட் மெஷின், நடுவில் ஜங்ஷன் பாக்ஸ், ஒயர் மேலேயே பிளேடு ஏறினால் என்ன ஆகும்? எம்சிபி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது ஒயர் சூடாகாமல் பார்க்கும், ஆளைப் பார்க்காது. ஆளுக்கு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) வேண்டும், அதுவும் 30 மில்லி ஆம்பியர். சில வீட்டில் மெயினில் 100 போட்டிருப்பார்கள், அது தீப்பிடிக்காமல் இருக்கத்தான். பெட்டியில் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்துங்கள், டப்பென்று விழவில்லையென்றால் அது இருந்தும் இல்லாத கணக்கு. கவிழ்த்துச் சுத்தம் செய்யும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பாகூர் அக்கா:

தம்பி, இந்த ஒன்றரை சென்ட்டுக்கு மெஷின் எதற்கு? கருக்கரிவாள் எடுத்தால் ஒரு ஆள் ஒரு காலை வேலை. குந்தி உட்கார்ந்து பிடி பிடியாக அறுத்துக்கொண்டே நகர்ந்தால் தடமும் விழாது, ஈரமும் ஒன்றும் செய்யாது. எங்கள் பக்கம் வரப்புப் புல்லை மழையிலேயே அறுக்கிறோம். சமமாக வராது, படி படியாகத் தெரியும், ஆனால் மேல் உயரத்தை எடுத்துவிட்டால் பிறகு காய்ந்த அன்றைக்கு மெஷின் சுலபமாக ஓடும்.

இறங்குவதற்கு முன் நீளக் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். மழைக்கு மேட்டைத் தேடிப் பாம்பு வரும், கண்ணாடி விரியன் சருகு நிறத்தில் அசையாமல் கிடக்கும். வெறுங்காலோடு வேண்டாம், எலி மூத்திரம் கலந்த தண்ணீர் பித்த வெடிப்பில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும்.

அறுத்த புல்லை வீணாக்காதீர்கள், பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள். மெஷினில் வெட்டியதைக் கொடுக்கக் கூடாது. பொடிப்பொடியாக நசுங்கியிருக்கும், சாக்கில் கட்டினால் கொஞ்ச நேரத்திலேயே சூடேறிப் புளித்துவிடும், மாட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும்.

செம்மண்டலம் வாசி:

யூரியா... போட்டேன். வளைகாப்புக்குப் பச்சைப்பசேல் என்று இருக்கட்டும் என்று மழைக்கு முதல் நாள் இரண்டு கை தூவினேன். வீட்டம்மாவுக்கே இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று. காலையில் பார்த்தால் தட்டு அகலத்துக்கு மூன்று இடத்தில் புல் பழுப்பாகிப் படுத்திருக்கிறது, ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக ஏதோ. வெயில் வந்ததும் அது காணாமல் போகிறது.

பாகூர் அக்கா:

யூரியாவா? அப்படியென்றால் மாட்டுக்கு வேண்டவே வேண்டாம். தென்னை மரம் இருந்தால் பாத்தியில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள், குவித்து வைக்காதீர்கள்.

முதலியார்பேட்டை தோட்டக்காரன்:

நினைத்தேன். காலையில் வலை மாதிரி தெரிவது பூஞ்சணம். தழைச்சத்து அதிகமாகி இலை சவசவ என்று வளர்ந்திருக்கும், ராத்திரி முழுக்க ஈரம், அதற்கு வேறென்ன வேண்டும். அந்த மூன்று இடத்தையும் கடைசியாக வெட்டுங்கள், இல்லையென்றால் பிளேடே அதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெட்டியதைத் தனியாக வாரி எறிந்துவிட்டு பிளேடைக் கழுவிக் காய வையுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் முனை கூரான கம்பியால் நாலு விரல் ஆழம் குத்தி, துளையில் ஆற்று மணலைத் தள்ளுங்கள். இனி தை வரை உரம் கிடையாது, சாயங்காலத் தண்ணீரும் கிடையாது.

மனதை விட்டுவிடாதீர்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. நான் பார்க்கிற ஒரு புல்வெளி மூன்று நாள் தண்ணீருக்கு அடியில் கிடந்தது, வடிந்ததும் மேலே விரல் கனத்துக்குச் சேறு. மெதுவாகக் கழுவிவிட்டு ஒரு மாதம் யாரையும் கால் வைக்கவிடவில்லை. பொங்கலுக்குத் துளிர்த்துவிட்டது.

வளைகாப்பு அன்று நாற்காலிக் கால் புதையும், தென்னை நார்ப் பாய் விரித்து அதன் மேல் போடுங்கள். ராத்திரியே பாயை எடுத்துவிட வேண்டும்.

செம்மண்டலம் வாசி:

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்னபடி ஒரு பெரியவரை வைத்துக் கருக்கரிவாளால் மேல் உயரத்தை எடுத்தோம். கம்பால் தட்டியதில் பாம்பு வரவில்லை, ஒரு தேரையும் போன வருடம் தொலைந்த பேரனின் பந்தும் கிடைத்தன. மூன்று நாள் கழித்து நல்ல வெயில், மறுநாள் மதியம் பக்கத்து வீட்டு பெட்ரோல் மெஷினை இரவல் வாங்கி உயரத்தில் வைத்து ஓட்டினேன். சும்மா வழுக்கிக்கொண்டு போனது. பழுப்பு வட்டம் மூன்றில் ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது.

வளைகாப்பு அன்று விடியற்காலையே பிடித்துக்கொண்டது மழை. நாற்காலி அத்தனையும் போர்டிகோவுக்குள். ஏழு வகைச் சாதமும் அங்கேதான். புல்லில் ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை, மழை விட்ட பத்து நிமிடத்தில் மகளை ஓரமாக நிறுத்தி இரண்டு படம் எடுத்தோம், அவ்வளவுதான். படத்தில் பச்சை நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. டெஸ்ட் பட்டன் விழவில்லை ஒயர்மேன் சார், நாளைக்கு ஆள் வந்து மாற்றுகிறார்.