ஆஷ்வெல் கோபுரச் சுவரில் ஒரு கீறல்

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் ஆஷ்வெல் என்ற ஊருக்கு நான் போனது கோபுரத்தைப் பார்க்கத்தான். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித மரியாள் ஆலயம் அது. கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 54 மீட்டர். இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை பெரிய கோபுரமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். அடுத்த ஒரு மணி நேரம் மேலே பார்க்கவே தோன்றவில்லை.

கோபுரத்தின் உள்ளே, வடக்குச் சுவரில், கூர்முனையால் கீறிய லத்தீன் வரிகள் இருக்கின்றன. நேராக நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழுந்தன. முதலில் ஆண்டு: ஓர் ஆயிரம், மூன்று நூறு, ஐந்து பத்து. அதாவது 1350. கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களைக் கொண்டுபோயிருந்த நேரம். பரிதாபமான, கொடூரமான காலம், மக்களில் கடைப்பட்டவர்களே சாட்சி சொல்ல மிஞ்சினார்கள் என்கிறது அந்த வரி. எழுதியவரும் அந்த மிஞ்சியவர்களில் ஒருவர்தானே! அதை நினைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அரசன் ஆணையிட்டு வெட்டிய சாசனம் அன்று இது. பெயர் தெரியாத ஒருவர் மனம் பொறுக்காமல் கீறியது.

அதற்குக் கீழே 1361: புனித மௌருஸ் நாளில் உலகெங்கும் இடியென முழங்கிய பெரும் புயல். இன்றைய கணக்கில் அது 1362 ஜனவரி 15. அக்காலத்தில் அங்கே புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது, அதனால்தான் இந்த ஓராண்டு வித்தியாசம். புயலுக்கு முந்தைய மாதங்களில் கொள்ளைநோய் இரண்டாம் முறையாக வந்து, குழந்தைகளைப் பெருமளவில் வாரிக்கொண்டு போயிருந்தது.

இவ்வளவையும் காப்பாற்றி வைத்திருப்பது கிளஞ்ச் என்ற மென்மையான சுண்ணக்கல். கத்திமுனை பட்டாலே கோடு விழும். வெளிச்சுவரில் மழையும் பனியும் அதை அரித்துவிடுகின்றன. உள்ளே அது அப்படியே நிற்கிறது. தூண் ஒன்றில், மூலைக் கற்கள் சரியாகப் பொருந்தவில்லை என்று கோபத்தோடு ஒருவர் கீறியிருக்கிறார். வேறோர் இடத்தில் பெரிய தேவாலயம் ஒன்றின் படம் இருக்கிறது. 1666இல் லண்டன் தீயில் அழிந்த பழைய செயின்ட் பால் பேராலயம் அது என்று கருதுகிறார்கள்.

போகிறவர்கள் நல்ல டார்ச் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். தயவுசெய்து விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்தக் கல் மாவாக உதிரும்.