போலரைசரைத் திருகினேன், "தண்ணி செத்துக் கெடக்கு" என்றார்

உச்சிப்புளி 50எம்எம்:

போலரைசர், அதாவது லென்ஸ் முன்னால் மாட்டித் திருகினால் தண்ணீரின் பளபளப்பை அடக்குகிற ஃபில்டர், என்னவென்று இங்கே எல்லோருக்கும் தெரியும், மேலே விளக்கப் போவதில்லை. மூன்று மாதமாக மனசை அரித்துக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மண்டபம் தெற்குக் கரை. காலை ஒன்பது மணி இருக்கும். காற்று எழவில்லை, மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் அசையாமல் கிடந்தது. ஜெட்டி ஓரத்தில் உட்கார்ந்து, கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் புதுப் போலரைசரை மாட்டி வளையத்தைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிலையில் தண்ணீர் முழுக்க வானத்தின் வெள்ளை. கால் சுற்று திருகினால் அந்த மினுக்கம் வடிந்துபோய் அடியில் இருக்கிற தாழை (கடல்புல்), மணல், ஒரு பழைய டயர் வரை தெரியும்.

பக்கத்தில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "என்ன தம்பி, அதையே திருகிக்கிட்டு இருக்கிய?" என்றார். கேமராவைக் கையில் கொடுத்து, எந்த வளையம் என்று காட்டினேன். நரம்பு நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். ஆனால் வளையத்தை அவ்வளவு பதமாகத் திருகினார். ஒரு பக்கம், திரும்ப மறுபக்கம். நான் செய்ததை விட மெதுவாக. பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கீழ தாழை தெரியுது, சரி. மேல தண்ணியக் காணோமே. தண்ணி செத்துல்ல கெடக்கு."

எனக்குப் புரியவில்லை. "சூடை மீனு கூடி வந்துச்சுன்னா மேல தூறல் விழுந்த மாதிரி சிலுசிலுக்கும் தம்பி. அந்த மினுக்கத்தப் பாத்துத்தான் நாங்க வலைய விடுறது. அத அழிச்சுப்புட்டு என்னத்தப் பாக்கப் போறிய?" கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வலைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த மாதம் எடுத்த படங்களைத் திறந்தேன். எல்லாம் பச்சைப்பசேல் என்று அடிமணல் தெரிகிற படங்கள். ஒன்றில்கூடக் கடலுக்கு மேல்தோல் இல்லை. அன்றிலிருந்து ஃபில்டரை மாட்டும்போதெல்லாம் கை நிற்கிறது. நம்ம கரையில் இப்படி ஒரு இடத்தில் நின்றவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

தங்கச்சிமடம் பறவைக்கண்:

போலரைசர் மேல பழி போடாதீங்க சார். அது செய்ய வேண்டியதைத்தான் செஞ்சிருக்கு. எனக்கு அதுகிட்ட இருக்கிற ஒரே கோபம், ஒன்றரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னுடும்கிறதுதான் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதியாயிடும்). பறவைக்கு மாட்டவே மாட்டேன்.

என் கதை வேற. ஜனவரியில மதுரையில இருந்து 150-600 எம்எம் தூர லென்ஸை ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்புல பூநாரை இறங்கியிருந்துச்சு. போய்ச் சேரும்போது பதினொண்ணரை. ஷட்டர் 1/2000 விநாடி, அபர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 400, லென்ஸ் ட்ரைபாடுல. முந்நூறு படத்துக்கு மேல எடுத்தேன், ஒண்ணுல கூடக் கண்ணு கூர்மையா இல்ல. வாடகைக்குக் கொடுத்தவருக்கு அங்கிருந்தே போன் போட்டு, ஃபோகஸ் போன லென்ஸைத் தலையில கட்டிட்டீங்கன்னு சத்தம் போட்டேன். அவர் "காலைல ஒரு தடவை எடுத்துப் பாருங்கண்ணே"ன்னு மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆறரை மணி. அதே லென்ஸ், அதே இடம். இறகுல ஒவ்வொரு மயிரும் தனித்தனியா வந்துச்சு.

முதல் நாள் படங்களை மறுபடி பெருசு பண்ணிப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. பூநாரைக்கு முட்டிக்குக் கீழே காலே இல்ல. உடம்பு மட்டும் அந்தரத்துல நிக்குது, கால் இருக்க வேண்டிய இடத்துல காத்து நெளியுது. கானல். மணல் சுட்டதும் அதுக்கு மேல இருக்கிற காத்து அடுக்கடுக்கா ஒளியை வளைக்குது. லென்ஸ் நீளமாக ஆக, பறவை தூரமாக ஆக, அது அத்தனையும் படத்துல வந்துடும். ஷட்டரைக் கூட்டினாலும் தீராது, ட்ரைபாடு வச்சாலும் தீராது. விடியக்காலம் போகணும், இல்ல கிட்ட போகணும். வெள்ளை மணல் இருக்கிறதால கேமராவோட வெளிச்ச மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டா எடுக்கும், ஒரு ஸ்டாப் கூட்டி வைக்கணும், அது வேற விஷயம்.

வாடகைக்குக் கொடுத்தவர்கிட்ட இன்னும் மன்னிப்புக் கேக்கல. லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரும் எதுவும் கேக்கல. அதுதான் உறுத்துது.

பாம்பன் ரோட்டுப்பாலம்:

பறவைக்கண் அண்ணே, நீங்க குறை சொல்ற அந்த ரெண்டு ஸ்டாப்தான் எனக்கு ஒரு படம் கொடுத்தது. அதனால சொல்லியே ஆகணும்.

2019, பழைய ரயில் பாலத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலம். ரோட்டுப் பாலத்தில் நின்று பேனிங், அதாவது ஓடுகிற வண்டியோடு கேமராவையும் திருப்பி எடுப்பது, பழகிக்கொண்டிருந்தேன். எங்கே படித்தாலும் ஷட்டரை 1/30 விநாடி வை என்றுதான் இருக்கும். வைத்தால் ரயில் நின்றுகொண்டிருப்பது போல வருகிறது. பாலத்தில் அது ஊர்ந்துதானே போகும், நடந்து போகிறவன் கொஞ்சம் ஓடினால் பிடித்துவிடலாம். 1/15, அப்போதும் போதவில்லை. கடைசியில் பொழுது சாய்ந்த நேரம், எஃப் 16, மேலே போலரைசர், 1/4. ட்ரைபாடு வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பஸ் போனால் பாலமே அதிரும். அதனால் கையில் பிடித்து, இடுப்பிலிருந்து திரும்பினேன்.

நாற்பது படத்தில் முப்பத்தொன்பது குப்பை. ஒன்றில் மட்டும், தூண்களும் கடலும் கோடுகோடாக இழுபட்டுக் கிடக்க, நடுவில் ஒரு ஜன்னல் கம்பி வழியாக வெளியே தொங்கிய கை. வளையல் வரை தெளிவாக. முகம் இல்லை, பெட்டி எண் இல்லை, ஒரு கை.

2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு போய் நின்றேன். வண்டி வேகமாகப் போகிறது, 1/30லேயே பின்னணி அழகாக இழுபடுகிறது. எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் 1914இல் திறந்த பாலத்தின் மேல் ரயில் பயந்து பயந்து போன அந்த வேகத்துக்கு என் கை பழகிவிட்டது. இப்போது திரும்பும்போது எப்போதும் கை பிந்துகிறது.

கீழக்கரை காக்கா:

தம்பிமார்களே, எல்லாம் படித்தேன். என்னுடையது சின்னது. ரஷ்யாக்காரன் செய்த ஹீலியோஸ் 58 எம்எம் லென்ஸ், பழைய திருகு மாடல், அடாப்டர் போட்டு மாட்டுவேன். ஃபோகஸ் கையால்தான். பின்னால் மரம் செடி இருந்தால் ஆளைச் சுற்றி எல்லாம் சுழல்கிற மாதிரி வரும். வாப்பாவை வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து எடுத்தேன். இலையெல்லாம் அவரைச் சுற்றிச் சுழல்கிறது, அவர் நடுவில் அசையாமல் இருக்கிறார். அவர் மவுத்தான பிறகு லென்ஸைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையில் இருக்கிறவன் லென்ஸைத் தோல் உறையில் வைக்கவே கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சுகிற நீல சிலிக்கா ஜெல். நீலம் ரோஸாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், லேசாகச் சூடுபடுத்தினால் மறுபடி நீலமாகும். சிலர் அரிசிக்குள் போட்டு வைக்கிறார்கள், வேண்டாம், மாவுத்தூள் வளையத்துக்குள் இறங்கும். லென்ஸை அலமாரியிலேயே தூங்கவிடாதீர்கள், வாரம் ஒருதரம் எடுத்து வெளிச்சம் காட்டுங்கள், வளையங்களைத் திருகுங்கள். கடலில் இருந்து வந்ததும் கண்ணாடியைத் துணியால் துடைக்கிறீர்களே, அதுதான் பெரிய தப்பு. உப்பு காய்ந்தால் பொடிக்கல், அதை வைத்துத் தேய்த்தால் கோடு விழும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றுங்கள், அதன்பிறகுதான் துடைப்பது. ஏசி அறையில் தங்கியிருந்தால் கேமராவைப் பையோடு வெளியே கொண்டுவந்து, பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்திருங்கள். உடனே திறந்தால் கண்ணாடி வியர்க்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமரா வாயைக் கீழே பார்த்தபடி வைத்து லென்ஸ் மாற்றுங்கள். மணலில் ட்ரைபாடு இறங்குகிறது என்றால் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கொட்டாங்கச்சி வையுங்கள். காலின் கடைசிக் கண்ணியை (அடித் துண்டை) முதலில் நீட்டுங்கள், பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். வீட்டுக்கு வந்து கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இந்த ஹீலியோஸ் மாதிரித் திருகு லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் வெறும் அடாப்டரோடு மாட்டினால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது, வாங்கும் முன் பாருங்கள்.

தங்கச்சிமடம் பறவைக்கண்:

காக்கா, ட்ரைபாடு விஷயம் சரி. ஆனா கானலுக்கு நான் சொன்னதை நீங்க தொடவே இல்ல. பாம்பன் தம்பி, போலரைசரை வெளிச்சம் குறைக்க வச்சீங்கன்னா அது வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற என்.டி. ஃபில்டர் வேலை. அதுக்கு அதையே வாங்கலாமே.

ஆர்.எஸ்.மங்கலம்:

என்.டி. வாங்கக் காசு இல்லாதவன் என்ன செய்வான் என்று நான் சொல்கிறேன். வெல்டிங் பட்டறையில் முகமூடிக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடியை வாங்கி, லென்ஸ் முன்னால் ரப்பர் பேண்டால் கட்டினேன். நல்ல வெயிலிலும் ஒன்றரை நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். படம் முழுக்கப் பச்சையாக வரும், கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவேன். ஃபோகஸை முதலில் வைத்துவிட்டுத்தான் கண்ணாடியைக் கட்ட வேண்டும், கட்டிய பிறகு ஒன்றும் தெரியாது.

தேவிபட்டினம், அமாவாசை. கடலுக்குள் நிற்கிற நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தைச் சுற்றி அவ்வளவு கூட்டம், தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள், சுற்றி வருகிறவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள். கரையில் தள்ளி நின்று திறந்தேன். தொண்ணூறு விநாடி. திரையில் படம் வந்தபோது ஒருத்தரும் இல்லை. கடல் பால் மாதிரி, கற்கள் மட்டும். அசைந்த ஆட்கள் எல்லாம் கரைந்துவிட்டார்கள். ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு அம்மா. கை கூப்பியபடி. முந்தானை நுனி மட்டும் கலங்கியிருக்கிறது, மற்றபடி முழு உருவமாக நிற்கிறார். அந்தச் சத்தத்துக்கு நடுவே தொண்ணூறு விநாடியும் அசையாமல் நின்றிருக்கிறார்.

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அந்த இடத்தில் வேறு யார் யாரோ. எந்த அம்மா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயல்குடி டீச்சர்:

ஆர்.எஸ்.மங்கலம் தம்பி, படம் அருமையாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டத்தையே கரைத்துவிட்டதைச் சந்தோஷமாகச் சொல்கிறீர்கள், எனக்கு அது ஒப்பவில்லை. அன்று வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு வேண்டுதல் இருந்திருக்குமே.

நானும் தள்ளி நின்றுதான் எடுப்பேன். பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுத்துவிட்டுக் கரையேறும் பெண்களை 70-300 லென்ஸில், ஒரு படகின் மறைவில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அக்கா பார்த்துவிட்டார். "எதுக்கு அங்கன ஒளிஞ்சு நிக்கிறிய? எடுக்கணும்னா கிட்ட வந்து எடுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். முகம் சுட்டுவிட்டது. பெரிய லென்ஸைப் பையில் வைத்து 50 எம்எம் லென்ஸை மாட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். 50இல் ஒரு முழத்துக்குள் போனால்தான் கை நிறைந்து வரும். அவர் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சேலைக் கிழிசல் சுற்றிக் கட்டியிருந்தது, பாறை கிழிக்காமல் இருக்க. துணி ஊறிப் பச்சை படிந்திருந்தது. ஆள்காட்டி விரலில் மட்டும் சுற்று அவிழ்ந்து, உள்ளே விரல் நுனி வெளுத்துச் சுருங்கி, ஓரத்தில் ஒரு புது வெட்டு. ரத்தம் இல்லை, கடல் கழுவிவிட்டிருந்தது.

எடுத்தது இரண்டே படம். 70-300ஐ அதற்குப் பிறகு ஆட்கள் பக்கம் திருப்பவில்லை.

உச்சிப்புளி 50எம்எம்:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். காக்கா, உங்கள் வாப்பா படத்தை இங்கே போடுவீர்களா?

நேற்று விடியக்காலையில் மண்டபம் போனேன். பெரியவர் ஜெட்டியில் இல்லை, கடலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஃபில்டர் இல்லாமல் வெறும் லென்ஸில் தண்ணீரை எடுத்தேன், 1/1000. எனக்கு எதுவும் தெரியவில்லை, வெறும் மினுக்கம்தான். இரவு பெரிய திரையில் போட்டுப் பார்க்கிறேன், ஒரு படத்தின் வலது ஓரத்தில், பாய் அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் மற்ற தண்ணீர் மாதிரி இல்லை. பொடிப்பொடியாகக் குத்தியிருக்கிறது. மழை இல்லாத நாள். அது சூடைதானா, இல்லை காற்று தொட்டுப் போனதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் காட்டிக் கேட்கணும்.