ரூட்டருக்கு என்ன சொல் போடலாம்? திங்கட்கிழமை அச்சு

திண்டுக்கல் பயிற்றுநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஊர்ப்புற நூலகங்களில் வார இறுதியில் நடத்தும் கணினி வகுப்புக்காக ஒரு கையேடு தயாராகிறது. திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். வீட்டுக் கருவிகளை இணையத்தோடு சேர்க்கும் ரூட்டர் பழுதானால் அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, வலையமைப்பை மறுபடி ஓட வைப்பது அதில் ஒரு பாடம். வகுப்புக்கு வருகிறவர்கள் கடை வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள். தமிழ் சரளமாகப் படிப்பார்கள். பெட்டியோடு வரும் ஆங்கிலத் தாளைத் தொடமாட்டார்கள்.

பாடத்தை மூன்று பேர் பிரித்து எழுதினோம். ஒருவர் திசைவி என்கிறார், ஒருவர் வழிச்செலுத்தி என்கிறார், நான் ரூட்டர் என்றே எழுதியிருக்கிறேன். ஒரே பொருளுக்கு மூன்று பெயர் இருந்தால் படிப்பவர் குழம்பிவிடுவார். எந்தச் சொல்லைச் சொன்னாலும் இந்த வாக்கியத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்:

"ரூட்டரின் பின்பக்கத்துச் சிறு துளையில் ஊசியை விட்டுப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள்."

கேட்வே, அதாவது வீட்டு வலையமைப்பிலிருந்து வெளியே போகும் இடம், என்பதற்கும் ஒரு சொல் தேவை.

*

கும்பகோணத்துத் தமிழாசிரியர் எழுதியது:

அன்புள்ள அம்மா, நல்ல பணி. நடக்கட்டும்.

திசைவி இணையத்தில் பரவிவிட்டது, தெரியும். ஆனால் அந்தச் சொல் நிற்க இலக்கணம் இடம் கொடுக்கவில்லை. கல்வி, கேள்வி, தோல்வி, வேள்வி ஆகியவற்றில் 'வி' தொழிற்பெயர் விகுதி. அது வினைப்பகுதியோடுதான் சேரும். திசையோ பெயர்ச்சொல். பிரௌசருக்கு வழங்கும் உலவியைப் பாருங்கள், உலவு என்ற வினையோடு 'இ' சேர்ந்து அழகாக அமைந்திருக்கிறது. மண்வெட்டியில் இருக்கும் அதே 'இ'. துறவியைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அங்கே துறவு இருக்கிறது. திசைவு எங்கே இருக்கிறது? ஒரே ஒரு சொல்லாட்சி காட்டட்டும்.

திசை வினையாக வருவதும் உண்டு, ஆனால் பொருள் வேறு. திசைத்தல் என்றால் திகைத்தல், மயங்குதல். பழைய அகராதிகளைப் புரட்டிப் பாருங்கள். வழிகாட்டும் கருவிக்குத் திகைத்து நிற்பது என்று பெயர் வைக்கலாமா?

வழிச்செலுத்தியில் இலக்கணப் பிழை இல்லை. ஒற்று மட்டும் கவனம். வழியில் செலுத்துவது என்று விரித்தால் குடிப்பிறந்தார் போல ஏழாம் வேற்றுமைத் தொகை, ச் மிகும். வழியைச் செலுத்துவது என்று விரித்தால் நீர் குடித்தான் போல மிகாது. நமக்கு வேண்டியது முதற்பொருள். ஆகவே 'வழிசெலுத்தி' என்று அச்சிட்டுவிடாதீர்கள்.

*

கோவை இணைப்புப் பணியாளர் எழுதியது:

வணக்கமுங்க. வீடு வீடாகப் போய் இணைய இணைப்புக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். திசைவி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வைஃபை பெட்டி என்பார்கள், ரூட்டர் என்பார்கள், மோடம் என்பார்கள். இதில் தொல்லை கொடுக்கிற சொல் மோடம்தான்.

ஒளி இழை இணைப்பு உள்ள பல வீடுகளில் இரண்டு பெட்டி இருக்கும். ஒன்று, கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் ஓ.என்.டி. இன்னொன்று ரூட்டர். 'மோடம் போயிடுச்சு' என்று தொலைபேசியில் சொன்னால் எது போனது என்று எனக்குத் தெரியாது. ஓ.என்.டி.யில் லாஸ் என்ற சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். எங்கோ இழை மடங்கியிருக்கும், அறுந்திருக்கும். அப்போது புது ரூட்டர் வாங்குவது காசுக்குக் கேடு. விளக்கெல்லாம் சரியாக இருந்து, ரூட்டர் மட்டும் தானாக அணைந்து அணைந்து எரிந்தால், முதலில் அதே வோல்ட், போதிய ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரை மாட்டிப் பாருங்கள். அடாப்டர் போனதற்கு ரூட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

ஆகவே உங்கள் கையேட்டுக்கு வேண்டியது இரண்டு பெட்டிக்கு இரண்டு சொல். ரூட்டரை ரூட்டர் என்றே விடுங்கள். கடைக்காரருக்குப் புரியும், பெட்டி மேலும் அதுதான் அச்சாகியிருக்கிறது. ஓ.என்.டி.க்கு மட்டும் ஒரு நல்ல தமிழ்ச்சொல் கொடுங்கள்.

இன்னொன்று, அந்த ஊசி வாக்கியத்துக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். பத்து நொடி அழுத்தினால் உள்ளே இருக்கும் அமைப்பெல்லாம் அழிந்துவிடும். நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தாளில் எழுதியிருந்தால் மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பும் நின்றுவிடும்.

*

யாழ்ப்பாணத்து ஆசிரியர் எழுதியது:

வணக்கம். கோவை நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், மற்றப் பாதியை ஏற்கமாட்டேன். கடைக்காரருக்குப் புரிவதால் ரூட்டர் போதும் என்றால் பிறகு எதற்குக் கலைச்சொல்? இங்கே பிள்ளைகள் தகவல் தொழில்நுட்பத்தைத் தமிழில் படித்துத் தமிழிலேயே பரீட்சை எழுதுகிறார்கள். சுவிட்சை ஆளி என்று சொல்லி வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அந்தச் சொல் உறுத்துவதே இல்லை. புழங்கவிட்டால் எந்தச் சொல்லும் பழகும்.

என் பரிந்துரை வழிப்படுத்தி. வழிச்செலுத்தியில் ஓர் இடர் இருக்கிறது. இணையத்தளங்களின் பட்டியலில் வழிசெலுத்தல் என்ற சொல் ஏற்கெனவே உலாவுதலுக்கு உட்கார்ந்துவிட்டது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் மாணவன் குழம்புவான். வழிப்படுதல் பழஞ்சொல். 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்று புறநானூறு 192 சொல்கிறது. புணை, அதாவது தெப்பம், தானாக வழிப்படுகிறது, இந்தக் கருவி தரவுப் பொதிகளை, அதாவது தகவலின் சிறு துண்டுகளை, வழிப்படுத்துகிறது. தன்வினை, பிறவினை வேறுபாடும் தெளிவு.

*

கும்பகோணத்துத் தமிழாசிரியர் எழுதியது:

யாழ்ப்பாணத்து ஐயா புறநானூற்றைத் தொட்டுவிட்டார், எனக்கு உறக்கம் போயிற்று.

வழிப்படுத்தியை விடப் பழைய சொல் நம்மிடம் உண்டு. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனும் கூத்தனும், எதிரே வரும் வறியவனை இன்னாரிடம் இந்த வழியாகப் போ என்று அனுப்புவதை 'ஆற்றிடைக் காட்சி உறழத் தோன்றி' என்று தொல்காப்பியம் புறத்திணையியலில் இலக்கணமே வகுத்திருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. அவற்றில் ஒன்றான, கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வழுக்கும், எங்கே இரவு தங்கலாம், யார் உணவு கொடுப்பார்கள் என்று வழி முழுவதையும் சொல்கிறது. இதை விட ரூட்டிங் என்ன செய்துவிடப் போகிறது?

ஒரு நுட்பம் கவனியுங்கள். பொருநராற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என்னும் பெயர்களில் முன்னால் வருபவர் அனுப்பப்படுபவர். திருமுருகாற்றுப்படையில் மட்டும் யாரிடம் அனுப்புகிறோமோ அவர் பெயர் முன்னால் வருகிறது. பொதிகளை அனுப்பும் கருவிக்கு முதல் வகைப்படி பொதியாற்றுப்படுத்தி என்று பெயர் அமையும். நீளம் என்றால் ஆற்றுப்படுத்தி.

*

கோவை இணைப்புப் பணியாளர் எழுதியது:

புலவர் ஐயா, படிக்க அருமையாக இருந்தது. ஆனால் "ஆற்றுப்படுத்தியின் பின்பக்கத்துச் சிறு துளையில்" என்று வாசித்துப் பாருங்கள். என் அம்மா மருத்துவமனையில் ஆற்றுப்படுத்துநரைத்தான் நினைப்பார். கவலையில் இருப்பவருக்கு ஆறுதலும் ஆலோசனையும் சொல்பவருக்கு அந்தச் சொல் போய்விட்டது.

*

சென்னை வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

தாமதமாக வருகிறேன். எல்லோரும் வழி, வழி என்கிறீர்கள். அந்தக் கருவிக்கு வழி தெரியாது என்பதை யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு ரூட்டரும் தனக்கு அடுத்தது யார் என்பதை மட்டும் தன் அட்டவணையில் வைத்திருக்கும். பொதியின் தலைப்பில் உள்ள முகவரியைப் பார்த்து, அடுத்தவரிடம் தள்ளிவிடும். அதற்கப்பால் பொதி எந்தெந்த ஊர் வழியாகப் போகும் என்று அதற்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை. அந்தக் கணக்கில் மலைபடுகடாம் இதற்கு நேர் எதிர். அங்கே வழி முழுவதும் முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. இந்தக் கருவி காட்டுவது திசை மட்டும். ஆகவே பொருளளவில் திசைவியே மற்ற எல்லாவற்றையும் விடத் துல்லியம். விகுதியில் குறை இருக்கலாம், கருத்தில் இல்லை.

வீட்டு ரூட்டரின் வேலை இன்னும் எளிது. வெளியே போக அதற்கு வழக்கமாக ஒரே பாதை. வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும், உள்ளிருந்து போகும் பொதிகளின் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி அனுப்பும், பதில் வந்தால் உரிய கைப்பேசிக்குத் திருப்பிக் கொடுக்கும். அதன் உழைப்பில் பெரும்பங்கு இதுதான். பெரிய அர்த்தத்தில் வழிகாட்டுதல் அங்கே நடப்பதில்லை.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் தொடக்கத்திலிருந்தே நிலையாக இருக்கவில்லை. 1969-ல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இந்த வேலையைச் செய்த கருவிக்கு ஐ.எம்.பி. என்று பெயர். 1981-ல் வந்த ஆர்.எஃப்.சி. 791 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இன்று நாம் ரூட்டர் என்பதைக் கேட்வே என்கிறது. 1987-ன் 1009-ஆம் ஆவணத் தலைப்பிலும் கேட்வேதான். அதை நீக்கி 1995-ல் வந்த 1812-ஆம் ஆவணத் தலைப்பில் ரூட்டர் என்று இருக்கிறது. அவர்களே பெயரை மாற்றிக்கொண்டார்கள். நாமும் இன்றே முடிந்த முடிவு எடுக்க வேண்டியதில்லை.

*

கும்பகோணத்துத் தமிழாசிரியர் எழுதியது:

கேட்வேதான் பழைய பெயர் என்று பொறியாளர் தம்பி சொன்னதும் கதவு திறந்துவிட்டது. வாயில்!

வாயில் வெறும் கதவு அன்று. அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே செய்தி கொண்டு போகிறவர்களுக்கு வாயில்கள் என்று பெயர். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என்று பன்னிரண்டு பேரைத் தொல்காப்பியக் கற்பியல் அடுக்குகிறது. உள்ளிருப்பவர் சொல்லை வெளியே கொண்டு போய், மறுமொழியை உரியவரிடம் திருப்பிச் சேர்ப்பவர். தம்பி விவரித்த முகவரி மாற்றும் வேலை இதுதானே? தலைவி கோபமாக இருந்தால் பாணனை உள்ளே விடமாட்டாள். அதற்கு வாயில் மறுத்தல் என்று பெயர். வேண்டாததை உள்ளே விடாத தீயரண் (ஃபயர்வால்) செய்யும் வேலைக்கும் சொல் கிடைத்துவிட்டது. நுழைவாயில் என்று நீட்ட வேண்டாம். வாயில் போதும்.

*

இராமநாதபுரத்து வாசகர் எழுதியது:

நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. கண்மாய்ப் பாசனத்தில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து மடையைத் திறந்தும் அடைத்தும் விடுகிற ஆளை நீர்பாய்ச்சி என்போம். வாய்க்காலில் வருவதை உரிய வயலுக்குத் திருப்பிவிடுவது அவர் வேலை. மடைமாற்றி என்று சொன்னால் எங்கள் பக்கம் படிக்காதவருக்கும் விளங்கும்.

*

சென்னை வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

மடைமாற்றி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிதியை மடைமாற்றினார்கள் என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் திருப்பிவிடுவது என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாதுகாப்பைப் பற்றிப் பேசும் பாடத்தில் அது வேறு அச்சத்தைக் கிளப்பும்.

புலவர் ஐயாவின் வாயிலைக் கேட்வேக்கு முழு மனதோடு ஏற்கிறேன். ரூட்டருக்கு வேண்டாம். புது ரூட்டரை அமைக்கும்போது திரையில் கேட்வே என்ற தனி வரி வரும், அதில் 192.168.1.1 போன்ற எண் இருக்கும். கருவிக்கும் அந்த எண்ணுக்கும் ஒரே சொல் இருந்தால் பாடம் எழுதவே முடியாது.

*

திண்டுக்கல் பயிற்றுநர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்துக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டதால் கையேட்டில் போட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

கருத்துச் சொன்னவர்களில் ரூட்டருக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்பவர்களே அதிகம். எது என்பதில் ஒற்றுமை இல்லை. திசைவி ஏற்கெனவே இணையத்தில் இருப்பதால், தேடினால் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக அதையே எடுத்தோம். ஒவ்வொரு பாடத்திலும் முதல்முறை 'ரூட்டர் எனப்படும் திசைவி' என்று வரும், பிறகு திசைவி. ஓ.என்.டி. ஒளிமாற்றி ஆனது. இரண்டு பெட்டியையும் படம் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறோம். கேட்வேக்கு வாயில். மோடம் என்ற சொல்லைப் பாடத்திலிருந்து எடுத்தாகிவிட்டது.

கோவை அண்ணா சொன்னவை எல்லாம் சேர்ந்துவிட்டன. அடாப்டரைச் சோதிப்பது முதல் படி. ஊசிக்கு முன்னால் எச்சரிக்கைக் கட்டம். புதியதற்கும் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கொடுத்தால் பெரும்பாலான கைப்பேசியும் தொலைக்காட்சியும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும் என்பதையும் சேர்த்தேன். வகுப்பில் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

*

யாழ்ப்பாணத்து ஆசிரியர் எழுதியது:

முடிவை மதிக்கிறேன், உடன்படவில்லை. தேடினால் கிடைக்கும் என்பது சொல்லுக்குத் தகுதி ஆகாது. தவறாகப் பரவிய சொல்லும் தேடினால் கிடைக்கும். பின்னிணைப்புச் சொற்பட்டியலில் வழிப்படுத்தியையும் ஒரு வரி சேருங்கள், எங்கள் பிள்ளைகள் இந்தக் கையேட்டைப் படித்தாலும் தடம் தெரியும்.

*

கும்பகோணத்துத் தமிழாசிரியர் எழுதியது:

'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', காலத்தில் வந்து வழங்கும் சொல்லை விலக்க வேண்டியதில்லை என்று தொல்காப்பியரே இடம் கொடுத்துவிட்டார், நான் மறிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது காலத்தில் வழங்கி நிலைத்த சொல்லுக்கு. திசைவி இன்னும் வாய்வழக்கில் ஏறவில்லை, திரையில்தான் இருக்கிறது. திசைவு என்பதற்கு ஓர் ஆட்சியாவது யாரேனும் காட்டும் வரை என் மறுப்பு நிற்கிறது.

*

கோவை இணைப்புப் பணியாளர் எழுதியது:

அம்மா, அச்சுக்குப் போகும் முன் ஒன்று. போர்ட் என்பதற்கு என்ன போட்டீர்கள்? நிறுவனத்திலிருந்து வரும் கேபிளை வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான பக்கத்து லேன் போர்ட்டில் செருகிவிட்டு இணையம் வரவில்லை என்று கூப்பிடுவது தினமும் நடக்கிறது. செருகும் துளைக்கும் போர்ட், இணையச் சேவையைக் குறிக்கும் 443 மாதிரி எண்ணுக்கும் போர்ட். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.