ஃபீட் டாக்: ஊட்டுபல்லா, நகர்த்துபல்லா?

வணக்கம்.

தையல் இயந்திரத்தில் ஊசிக்கு அடியிலிருந்து துணியை நகர்த்தும் பல் போன்ற உறுப்பை ஆங்கிலத்தில் ‘ஃபீட் டாக்’ (feed dog) என்பார்கள். தையல் சொற்களைத் தமிழில் ஆக்கும் இந்த உரையாடலில், ‘ஃபீட்’ என்பதை ஊட்டு என்று கொண்டு, அதற்கு ‘ஊட்டுபல்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. ‘தள்ளுபல்’ என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ‘நகர்த்துபல்’ என்று வைப்போம் என்கிறேன். கிழிந்த துணியை மெஷினில் பொத்துவது எப்படி என்று எழுதும்போது அடிக்கடி வரப்போகும் சொல் இது. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பல் செய்யும் வேலையைப் பார்ப்போம். ஊசி துணியை விட்டு மேலே போனதும் பல் ஊசித்தட்டின் (ஊசி இறங்கும் துளையுள்ள தட்டு) பிளவு வழியே எழும்பும். மேலே இருக்கும் அழுத்துபாதத்துக்கும் (பிரசர் ஃபுட்) தனக்கும் நடுவில் துணியைக் கவ்விக்கொண்டு, ஒரு தையல் நீளத்துக்குப் பின்னே கொண்டுபோகும். பிறகு தட்டுக்குக் கீழே இறங்கி, துணியைத் தொடாமல் பழைய இடத்துக்கு வரும். எழும்புதல், பின்னே போதல், இறங்குதல், முன்னே வருதல் என்ற இந்த நான்கு அசைவு முறைக்கு அமெரிக்கரான ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்றார். இன்றைய வீட்டு மெஷின்களிலும் பெரும்பாலும் அதே முறைதான். இதில் ஊட்டுவது எங்கே இருக்கிறது? நமக்கு ஊட்டுவது என்றால் சோறு ஊட்டுவது, இல்லாவிட்டால் சாயம் ஊட்டுவது. துணித் தொழிலிலேயே சாயமூட்டுதல் இருக்கும்போது ‘ஊட்டுபல்’ என்றால் புதிதாகப் பழகுகிற பிள்ளை குழம்பத்தான் செய்யும்.

‘தள்ளுபல்’ எளிமையான சொல், வாயில் நன்றாக வருகிறது. ஆனால் தையல் பழக்குகிறவர்கள் தொடக்கத்திலேயே சொல்வது என்ன? “துணியைத் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். பல்லு கொண்டுபோகும். நீ வழியை மட்டும் காட்டு.” அவசரப்பட்டு இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் அடித்து முறிந்துவிடும். செய்யாதே என்று சொல்லிக்கொடுக்கும் வினையையே உறுப்புக்குப் பெயராக வைப்பது சரியாக வராது.

திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் தையற்கடைகளில் கேட்டால் வெறுமனே ‘பல்லு’ என்பார்கள். “பல்லு தேஞ்சு போச்சு, துணி நகருதில்லை” என்பார்கள். (பல் தேயாமலே, இடுக்கில் பஞ்சு அடைத்திருந்தாலும் துணி நகராது. ஊசித்தட்டைக் கழற்றித் தூரிகையால் துடைத்தாலே போதும்.) பல்லும் நகர்தலும் எங்கள் பேச்சில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்தெடுத்தாலே சொல் கிடைத்துவிடுகிறது. ‘நகர்பல்’ என்று சுருக்கலாமே என்று கேட்பீர்கள். அது தானே நகரும் பல் என்றாகிவிடும். இங்கே நகர்த்தப்படுவது துணி, ஆகவே பிறவினைதான் வேண்டும். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. ‘அழுத்துபாதம்’ என்று எழுதுகிற அதே அமைப்பு.

அடுத்தது பொத்துதல். தையல் பிரிந்த இடத்தைச் சேர்க்கவும், ஒட்டுப் போடவும் பல் வழக்கம்போல் வேலை செய்தால் போதும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைக் காற்சட்டை முழங்காலில் தேய்ந்து ஓட்டையானால் கதை வேறு. அங்கே நூலாலேயே புதுத் துணி உண்டாக்க வேண்டும். துணியை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கி, நகர்த்துபல்லை இறக்கி, கையாலேயே முன்னும் பின்னும் கொண்டுபோய் நெருக்கமாக வரி ஓட்டி, பிறகு குறுக்கேயும் ஓட்ட வேண்டும். பல் இறங்காவிட்டால் துணி தன்பாட்டுக்குப் பின்னே ஓடும். இறக்கும் வசதி இல்லாத பழைய மெஷினில் பல்லின் மேல் தட்டுப் போட்டு மூடலாம், அல்லது தையல் நீளத்தைப் பூச்சியத்தில் வைக்கலாம். அப்போது நகர்த்துபல் எழும்பி இறங்கும், ஆனால் நகர்த்தாது. இதையே ‘ஊட்டுபல் ஊட்டாது’ என்று எழுதிப் பாருங்கள், யாருக்கும் விளங்காது. இன்னொன்றும் செய்முறையில் கட்டாயம் வர வேண்டும்: பாதத்தைக் கழற்றிவிட்டுத் தைத்தாலும் அதை ஏற்றி இறக்கும் நெம்பைக் கீழே இறக்கியே ஆக வேண்டும். மறந்தால் மேல்நூலில் இறுக்கம் இருக்காது, அடியில் நூல் முழுக்கச் சிக்குப்பட்டுவிடும்.

இந்த வேலைக்கு ‘இழைபொத்துதல்’ என்று வைக்கலாம். எங்கள் கரையில் வலையையும் பொத்துவார்கள், சாக்கையும் பொத்துவார்கள், சாரத்தையும் பொத்துவார்கள். எல்லாவற்றையும் ‘செப்பனிடல்’ என்று ஒரே சொல்லில் அடக்கினால் ஒட்டுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ‘இழைபொத்தல்’ என்று சுருக்கக்கூடாது. பொத்தல் என்றால் ஓட்டை. அடைக்கிற வேலைக்கு ஓட்டையின் பெயர் வந்துவிடும்.

மூடும் தட்டுக்குப் ‘பல்மூடி’ போதும். இறக்கும் நெம்புக்குப் ‘பல்லிறக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மனம் நிறையவில்லை. பல்லைத் திரும்ப ஏற்றுவதும் அதே நெம்புதான். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் தையற்கடைகளில் இதற்கு வேறு பெயர் புழங்கினால் தயவுசெய்து எழுதுங்கள்.